ஸ்டெப்னி இருந்த இடம்

பாலாஜி,

போன ஞாயிற்றுக்கிழமை புதுக் காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு நீ இறங்கியபோது, என் மகனா இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சாவியை என் கையில் கொடுத்து நீ இரண்டு விஷயம் சொன்னாய். "நைனா, எங்க குவார்ட்டர்ஸ்ல நிக்கிற வண்டிங்கள்ல டிக்கியத் தெறந்து சப்வூஃபர் பாக்ஸத் தூக்கிக்கினு போயிட்றானுங்க. நம்ம பழைய கார்ல வெச்சியே, அதே மாதிரி ஸ்டெப்னி பள்ளத்துல மறைச்சி வெச்சிடு" என்றாய். அதற்கப்புறம் மேசைமேல் இருந்த உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தாய். உன் முகம் மாறிவிட்டது. "லோகு மாமா பேரு எதுக்கு இதுல? அந்தாளு மேடை ஏறினா நான் எறங்கிடுவேன் நைனா" என்றாய். நான் இரண்டுக்கும் "சரிப்பா" என்றேன். நீ காரை என்னிடம் விட்டுவிட்டு, வேலை பார்க்கிற ஸ்ரீசிட்டிக்குப் பஸ் பிடித்துப் போய்விட்டாய். நீ கேட்ட அந்த இரண்டும் ஒரே விஷயம் என்பது உனக்குத் தெரியாது. பதின்மூன்று வருஷமாக உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். இதைத் தமிழில் எழுதுகிறேன். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்த உன்னை மடியில் உட்காரவைத்துத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் உன் அம்மா. அவளைப் பற்றிய விஷயம் அந்த எழுத்திலேயே இருக்கட்டும்.

என் தொழில் எப்படி இந்த வழிக்கு வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. திருப்பதியில் என்னுடையதைப் போலக் காரில் பாட்டு செட் மாட்டுகிற கடைகள் நிறைய. கீழே காரை நிறுத்திவிட்டு மலைக்குப் போகிறவர்கள், தரிசனம் முடித்து இறங்கி வரும்போது பின்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கும். டிக்கியில் இருந்த, பாட்டை அதிரவைக்கிற சப்வூஃபர் பாக்ஸும் ஆம்ப்ளிஃபையரும் காணாமல் போயிருக்கும். மொட்டைத் தலையோடு கடை வாசலில் வந்து நின்று, சாமியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இப்படி ஆகிவிட்டதே என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். திருடனுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்தான். டிக்கியைத் திறப்பான், காலியாக இருந்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். அப்படியானால் டிக்கி காலியாகத் தெரியவேண்டும். இதுதான் எனக்குத் தோன்றியது. ஃபைபர் துணியில் ரெசின் பசை தடவி, காரின் உடம்புக்குள் இருக்கிற பள்ளத்திலேயே படியவைத்து, அதே வடிவத்தில் பாக்ஸ் எடுப்பேன். மேலே பிளைவுட் மூடி, அதற்கு மேல் கம்பெனி கார்ப்பெட். பாட்டு போட்டால் சீட்டு அதிரும். டிக்கியைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. சித்தூர், புத்தூர், பலமநேரில் இருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். "எங்க வெச்சிருக்கேன்னு கண்டுபுடி பாக்கலாம்" என்று அவர்களிடமே சவால் விடுவேன். அந்தக் கர்வம் என்னிடம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

நம்முடைய பழைய காரில் முதலில் வைத்தது வெளியே தெரிகிற பெரிய பாக்ஸ்தான். உனக்குப் பதினாலு வயது. காளஹஸ்தி கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் கண்ணாடித் தூள் சீட்டெல்லாம் கிடந்தது, பாக்ஸ் இல்லை. நீ அங்கேயே காரில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதாய். உன் அம்மா உன் முகத்தைத் துடைத்து, "பாட்டு தானேடா போச்சு, நான் பாட்றேன், கேட்டுக்கினு வா" என்றாள். ஊர் வந்து சேரும்வரை, வார்த்தை பாதியும் ராகம் பாதியுமாகப் பாடிக்கொண்டே வந்தாள். நீ கடைசியில் சிரித்துவிட்டாய். ஆனால் எனக்கு அது அவமானமாக இருந்தது. ஊருக்கெல்லாம் மறைத்துக் கொடுக்கிறவன் காரிலேயே திருட்டு. அடுத்த வாரமே ஸ்டெப்னியைக் கழற்றிக் கடைக்குப் பின்சுவரில் சாய்த்துவிட்டு, அது இருந்த வட்டப் பள்ளத்தில் பாக்ஸ் எடுத்தேன். திருடன் தூக்கமுடியாதபடி அடியில் இருந்து நான்கு போல்ட் போட்டு முறுக்கினேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். நீ டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க நைனா?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்காகவே செய்தேன். இடத்தைக் காட்டினேன், ஸ்டெப்னியைக் கழற்றியதைச் சொல்லவில்லை; அது பாக்ஸுக்கு அடியில் இருப்பதாகவே நீ நினைத்துக்கொண்டாய்.

உன் அம்மா மட்டும் வேறு கேள்வி கேட்டாள். "ஸ்டெப்னி எங்கே?"

"கடையில கீது."

"வழியில பஞ்சர் ஆனா?"

"மைலுக்கு ஒரு பஞ்சர் கடை கீது தேவகி. நாம என்ன காசிக்கா போறோம்?"

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும். இன்னும் இரண்டு வாரத்தில் உனக்குக் கல்யாணம். அந்தப் பெண் உன்னிடம் இப்படி ஒரு சின்னக் கேள்வி கேட்பாள். உனக்குத் தெரிந்த தொழிலில், உன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவள் கேட்பாள். நீ ஒரு பதில் சொல்வாய், அவள் வாயை மூடிக்கொள்வாள். அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைக்காதே. அவள் ஏன் கேட்டாள் என்று அன்றைக்கு ஒரு நாள் யோசி. நான் யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் மாங்காய் சீசனில் பங்காருபாளையத்தில் உன் அம்மாவின் பெரியம்மா வீட்டில் கிரகப்பிரவேசம். எனக்குக் கடை, உனக்குப் பரீட்சை. நகரியில் இருந்து அம்மாவின் தம்பி லோகு வந்து, நம் காரில் அவளை அழைத்துக்கொண்டு போனான். லோகுவை உனக்கு நினைவிருக்கும் விதம் வேறு. அதற்கு முன்னால் அவன் எப்படி இருந்தான் என்று சொல்கிறேன். தறி வேலை இல்லாத நாட்களில் நூல் மூட்டை ஏற்றிய டெம்போவை நகரிக்கும் புத்தூருக்கும் ஓட்டினவன். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் படுத்திருந்தவன். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நகரி ஸ்டேஷனில் ரயில் காட்டுவான். நீ அவன் காதைப் பிடித்துத் திருகுவாய்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. "மாமா, அக்காவுக்கு நெஞ்சு வலிக்குதாம், வேர்த்துக்கினு கீது. நான் சித்தூருக்குத் தூக்கிக்கினு போறேன், நீ வந்துடு" என்றான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து அழைத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளரின் காரில் கிளம்பினேன். வழியெல்லாம் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். வாயு பிடித்திருக்கும், ஒன்றும் இருக்காது என்று நான் உனக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். நாம் போய்ச் சேர்ந்தபோது அவளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். "கொஞ்செம் முந்து தீசுகொச்சி உண்டே…" என்று நர்ஸம்மா இழுத்தாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்ற அந்தப் பேச்சை அவள் முடிக்கவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நீ பார்த்தது பாதிதான். பங்காருபாளையத்தில் இருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். லோகு சுவரோரம் குந்தியிருந்தான். கையெல்லாம் ரத்தமும் கரியுமாக இருந்தது. நான் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன்.

"பதினோரு மணிக்குக் கெளம்பினவன், இன்னாடா பண்ணிக்கினு இருந்த இவ்ளோ நேரம்?"

"டயர் வெடிச்சிட்ச்சி மாமா."

"ஸ்டெப்னி மாத்த எவ்ளோ நேரம்டா ஆவும்? பத்து நிமிசம் ஆவுமா?"

அந்த வார்த்தை என் வாயில் இருந்து வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பது கண்முன்னால் வந்துவிட்டது. என் கை அவன் சட்டையில் இருந்து நழுவியது. லோகு என்னைப் பார்த்தான். அப்புறம் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"எனக்கு ஜாக்கி போடத் தெரியல மாமா."

டெம்போ ஓட்டின மனுஷனுக்கு ஜாக்கி போடத் தெரியாதாம். அந்த அழுகையில் யாரும் அதை யோசிக்கவில்லை. நீதான் கத்தினாய். "டயர் மாத்தத் தெரியாதவன் எதுக்கு எங்கம்மாவக் கூட்டிக்கினு போன?" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னை இழுத்து அணைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் தகப்பன் மகனைத் தேற்றுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். உன் முகத்தைப் பார்க்கப் பயந்து உன்னை அணைத்தேன்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அந்தக் காரை எடுத்துவரப் போனேன். நீயும் கூட வருகிறேன் என்றாய், வேண்டாம் என்று அதட்டினேன். அந்த ஸ்டெப்னியைத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு உருட்டிக்கொண்டு போய், பஸ்ஸில் ஏற்றிக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சித்தூர் வரைக்கும், அதற்கப்புறம் இன்னொரு பஸ்ஸில் பங்காருபாளையம் ரோடு வரைக்கும். பக்கத்தில் இருந்தவர், "வண்டி எங்கயாவது நின்னு போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கார் ரோட்டோரம் ஒரு மாந்தோப்பு வேலியை ஒட்டி நின்றிருந்தது. பக்கவாட்டில் கிழிந்த டயர். பஞ்சர் கடைக்காரன் மைலுக்கு ஒருவன் இருந்தாலும் அதை ஒட்டமுடியாது. டிக்கி திறந்தே கிடந்தது. லோகு கார்ப்பெட்டைப் பிய்த்திருந்தான். என் பிளைவுட் மூடி இரண்டாக உடைந்து மண்ணில் கிடந்தது. ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. பாக்ஸுக்கு அடியில் ஸ்டெப்னி இருக்கும் என்று நினைத்து ஜாக்கி ராடால் நெம்பியிருக்கிறான். ஃபைபர் ஓரமெல்லாம் உடைந்து, உடைந்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. பாக்ஸ் அசையவில்லை. திருடன் கையில் வராதபடி நான் போட்ட போல்ட் லோகுவின் கையிலும் வரவில்லை. முன் சீட்டில் உன் அம்மாவின் ஒரு செருப்பு இருந்தது. நான் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அப்புறம் எழுந்து டயரை மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உடைந்ததை எல்லாம் பிடுங்கி ஒரு சாக்கில் கட்டிப் போட்டுவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தேன். மாதம் முடிவதற்குள் காரை விற்றேன். அம்மா உட்கார்ந்த கார் என்று நீ அதற்கும் அழுதாய். பதினாறாம் நாள் சடங்குக்கு லோகு வந்தபோது, என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அவனை வாசலிலேயே நிற்கவைத்தார்கள். நான் உள்ளே இருந்தேன், எனக்குக் கேட்டது. நகரியில் "அக்காவைக் கொன்னவன்" என்று அவன் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவன் டெம்போவை விட்டுவிட்டான். அதற்கப்புறம் எந்த வண்டியும் ஓட்டவில்லை, எங்கே போனாலும் ரயில்தான். இதையெல்லாம் கேள்விப்பட்டுக்கொண்டே நான் தினமும் கடை திறந்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன அடுத்த ஆறு மாதத்தில் வேறு ஆட்களின் கார்களில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு இதே மாதிரி பாக்ஸ் செய்து கொடுத்தேன். கேட்டார்கள், செய்தேன். ஒருநாள் ஒரு பையன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான், பக்கத்து சீட்டில் நிறைமாதமாக அவன் மனைவி. ஸ்டெப்னியைக் கழற்றக் குனிந்தவன் நிமிர்ந்து, "இது நம்மால ஆகாதுப்பா" என்று அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பள்ளத்தில் கைவைத்ததில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு வேறு காரணம் சொன்னேன்.

நான்கு வருஷம் கழித்துத்தான் நகரிக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. லோகு தறி ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் அவன் காலைத் தொடப் போனேன், பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"புள்ள உன் கையப் புடிச்சிக்கினு நின்னுக்கினு இருந்தான் மாமா. அம்மா போயிட்ச்சி. நைனாவையும் அவன்கிட்டருந்து புடுங்கறதான்னு இருந்திச்சி. நான் யாரு, மாமன் தானே. மாமன் இல்லாம வளந்துப்பான்."

அன்றைக்கு ரோட்டில் நடந்ததை அவன்தான் சொன்னான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தானாம், அது வேறு ஊருக்குப் போயிருந்ததாம். கை காட்டினால் கார் எதுவும் நிற்கவில்லை. அரைமணி நேரம் கழித்து மாங்காய் ஏற்றின டெம்போ ஒன்று நின்றது. அக்காவைத் தூக்கி முன் சீட்டில் மடியில் போட்டுக்கொண்டானாம். "'சித்தூரு வந்துட்ச்சாடா'ன்னு ரெண்டு தபா கேட்டிச்சி மாமா. மூணாவது தபா கேக்கல" என்றான். புறப்படும்போது, பாலாஜியிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "படிப்பு முடியட்டும் மாமா" என்றான். படிப்பு முடிந்தது. "வேலைக்குப் போவட்டும்" என்றான். அவன் ஒவ்வொரு தடவை அப்படிச் சொன்னபோதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இந்தப் பதின்மூன்று வருஷத்தில் நான் செய்த தப்புகளிலேயே கேவலமானது. உன்னுடைய அன்பை அவன் இடத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கேள். உனக்காகச் செய்த பாக்ஸ்தானே என்று இதில் நீ உனக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளாதே. நீ கேட்டது பாட்டு. ஸ்டெப்னியைக் கழற்றச் சொல்லி நீ கேட்கவில்லை. அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னதும் நீ இல்லை. நிறைய மருத்துவர்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்குப் போயிருந்தாலும் சொல்ல முடியாது என்கிறார்கள் சிலர், பிழைத்திருப்பார் என்கிறார்கள் சிலர். எனக்கு அது இனித் தெரியப் போவதில்லை. அந்த அரைமணி நேரத்தை அவளிடமிருந்து எடுத்தது நான் என்பது மட்டும் தெரியும். உன் புதுக் காரில் டிக்கியின் இடது பக்கச் சுவருக்குள் பாக்ஸ் எடுத்திருக்கிறேன். சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். திருடன் கண்ணில் படாது. ஸ்டெப்னி அதன் இடத்தில் இருக்கிறது, காற்று அடித்து வைத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று தாய்மாமன்தான் உனக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்து வரவேண்டும். அந்த இடத்துக்கு உரியவன் நகரியில் இருக்கிறான். பத்திரிகையில் அவன் பெயரைப் போட்டுவிட்டேன். முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து நீயே கொண்டுபோய்க் கொடு. அவன் வரமாட்டேன் என்பான். நைனா ஏதோ உளறுகிறார், எனக்கு நிஜமாகவே ஜாக்கி போடத் தெரியவில்லைடா என்று உன்னிடம் மறுபடியும் பொய் சொல்வான். நம்பாதே. வரும்வரை அங்கேயே உட்கார். நான் மேடையில் நிற்பது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல், கோபத்தோடே சொல், நான் கீழே ஜனங்களோடு உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு எனக்கு வருத்தம் இருக்கும், ஆனால் கேள்வி இருக்காது. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் உன் மாமாவிடம் பேசு. அதற்கப்புறம் என்னிடம் பேசத் தோன்றாமல் போனாலும் பரவாயில்லை, அவனிடம் பேசிவிடு.

உன் நைனா